‘எதை?’ என்று கேட்டவளுக்கு

இன்று மத்தியானம் ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்றிருந்தேன். பள்ளிக்கூட லேபில் மாட்ட நாலு படங்களை லேமினேட் பண்ணக் கொடுத்திருந்தேன். மெஷின் சூடாகி முதல் படம் வெளியே வந்தபோது அந்த வாசனை அடித்தது. வெந்த பிளாஸ்டிக்கின் வாசனை. கடைக்காரர் மீதிச் சில்லறையை நீட்டிக்கொண்டு நின்றதைக் கூட நான் கவனிக்கவில்லை. மஸ்கட்டில், ஆகஸ்ட் மாதத்தில் நின்றிருந்தேன்.

பிள்ளைகள் வருவதற்கு ஒரு வாரம் முன்னால் ஆசிரியர்களை வரச் சொல்வார்கள். அந்த வாரம் முழுக்க நமக்கு வேலையே லேமினேட் பண்ணுவதுதான். பெயர் அட்டை, சுவர்ப்படம், வகுப்பு விதிகள், கைகழுவும் முறை. வெளியே வெயில் நாற்பத்தைந்தைத் தொடும். உள்ளே ஏசி குளிரில் நீ சால்வையைப் போர்த்திக்கொண்டு மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாய். “பாடம் நடத்த வந்தோமா, உறை போட வந்தோமா ஏட்டி?” என்பாய். நான் சிரிப்பேன். அந்த ஊரில் என்னை ‘ஏட்டி’ என்று கூப்பிட நீ ஒருத்திதான் இருந்தாய்.

உனக்கு எழுதக் கூடாது என்றுதான் இத்தனை நாள் இருந்தேன். நீ போய்ச் சேர்ந்து பத்து மாதம் ஆகிறது. இனி நீ படிக்கப் போவதில்லை என்பதால் எழுதுவது சுலபமாக இருக்கிறது.

நாம் இருவரும் முதலில் ராஜபாளையத்தில் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தோம். நீ கெமிஸ்ட்ரி, நான் பயாலஜி. உனக்கு வீடு நடந்துபோகும் தூரத்தில். நான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவேன். உன் வீட்டுக்காரர் இறந்து ஒன்றரை வருஷத்தில் மகளைக் கூட்டிக்கொண்டு மஸ்கட்டுக்குப் போனாய். ஒரு இன்டர்நேஷனல் பள்ளியில் வேலை, அங்கேயே மகளுக்குப் படிப்பு. உன் வீட்டில் எல்லோரும் தடுத்தார்கள். “இங்க இருந்தா ஆயுசுக்கும் பாவம் பாவம்னு பாத்துக்கிட்டே இருப்பாங்க. அங்க யாருக்கும் என்னயத் தெரியாது” என்று என்னிடம் மட்டும் சொன்னாய்.

மூன்று வருஷம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணினாய். அறிவியல் துறைக்கே தலைவியாகியிருந்தாய்.

“பயாலஜிக்கு ஆள் கேக்காங்க. ஒன் பேரச் சொல்லிட்டேன். பாஸ்போர்ட் எடு.”

“பையன் அஞ்சாவதுதான படிக்கான். விட்டுட்டு எப்படி வாரது?”

“ரெண்டு வருஷம் பாரு. பொறவு அவனையும் இங்க சேத்துரலாம். நான் இருக்கேம்லா.”

நூல் மில்லில் ஷிப்ட் பார்க்கும் என் வீட்டுக்காரர் ரெண்டு நாள் யோசித்துவிட்டு, “அவிய இருக்காங்கன்னா போயிட்டு வா” என்றார். உன் பேரில் இருந்த நம்பிக்கையில்தான் நான் விமானம் ஏறினேன்.

முதல் ஆறு மாதம் நீ இல்லையென்றால் ஓடி வந்திருப்பேன். அதை இப்போதும் மறுக்கவில்லை. நான் ஒரு சொல்லை உச்சரித்ததும் பதினோராம் வகுப்பு முழுக்கச் சிரித்தது. அடுத்த நாள் நீ எதுவும் சொல்லாமல் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாய். ஒருவரும் சிரிக்கவில்லை. சாயங்காலம் உன் வீட்டுச் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே அந்தச் சொல்லை எனக்கு இருபது தடவை சொல்லிக்கொடுத்தாய். மதிப்பெண் அட்டையில் ‘சரியாகப் படிக்கவில்லை’ என்று எழுதக் கூடாது, ‘மேலும் வளர்ந்து வருகிறார்’ என்று எழுத வேண்டும் என்பதை நீதான் சொன்னாய். பெற்றோர் ஈமெயிலுக்கு ஒரு நாளுக்குள் பதில் போக வேண்டும், ஆனால் கோபத்தோடு ஒருபோதும் போகக் கூடாது என்பதையும் உன்னிடம்தான் கற்றேன். போனில் உன் அம்மாவிடம் தெலுங்கு, பள்ளியில் இங்கிலீஷ், என்னிடம் நம்ம ஊர்த் தமிழ் என்று ஒரே மூச்சில் மாறுவாய். வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் நாம் மூவரும் கடற்கரைக்குப் போவோம். ஒரு புல் கூட இல்லாத அந்த மலைகளைப் பார்த்து, “நம்ம மலைக்கு மொட்டை போட்ட மாதிரி இருக்கு” என்று ஒவ்வொரு தடவையும் சொல்வாய். உன் மகளும் ஒவ்வொரு தடவையும் சலித்துக்கொள்வாள்.

இரண்டாவது வருஷம் நானும் உன் வீட்டிலேயே ஒரு அறையில் தங்கிக்கொண்டேன். என் மகனுக்கு அடுத்த ஆகஸ்டில் இடம் என்று பள்ளியில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அவன் தினமும் போனில், “கடல் பக்கமாம்மா? ஷூ எந்தக் கலரும்மா?” என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் அந்த ஆய்வு அறிக்கை வந்தது.

பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுதிக் கொடுத்தது. இறுதி மதிப்பெண்ணில் சேரும் அறிக்கை. படிக்கும்போதே எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. போன வருஷ அலமாரியைத் திறந்து தேடினேன். வேறொரு மாணவியின் அறிக்கை. படம், அட்டவணை, முடிவுரை எல்லாம் அதேதான். அவள் செய்த எழுத்துப்பிழை கூட அப்படியே இருந்தது. அந்தப் பையனின் அப்பா பள்ளி நிர்வாகக் குழுவில் இருந்தார்.

இரண்டையும் வீட்டுக்கு எடுத்து வந்து சாப்பாட்டு மேஜையில் உன் முன்னால் வைத்தேன். நீ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் பார்த்தாய். உன் பச்சைப் பேனாவை எடுத்து, இரண்டிலும் அந்த எழுத்துப்பிழையைச் சுற்றி வட்டம் போட்டாய்.

“இதப் பாத்துட்டுக் கண்ண மூடிக்கிட்டா நாம வாத்தியாரே இல்ல” என்றாய்.

“அவிய அப்பா பெரிய ஆளு. எனக்குப் பயமா இருக்கு.”

“மார்க்குப் போடுறது நம்ம வேல, அவிய வேல இல்ல. நீ எழுதிக் குடு. கேட்டா நான் சொல்லுதேன். நான் இருக்கேன்.”

மறுநாள், இது போன வருஷ அறிக்கையைப் பார்த்து எழுதியது என்று முதல்வருக்கு எழுதிக் கொடுத்தேன்.

ஒரு வாரம் கழித்து முதல்வர் அறைக்கு அழைத்தார்கள். முதல்வர், அந்தப் பையனின் அப்பா, நீ, நான். எல்லாப் பேச்சும் இங்கிலீஷில். இந்தப் பையன் மேல் எனக்கு ஆரம்பத்திலிருந்தே வெறுப்பு என்றும், வேண்டுமென்றே மாட்டிவிடுகிறேன் என்றும் அந்த அப்பா குரலை உயர்த்தாமல் சொன்னார். நான், துறைத் தலைவியிடம் காட்டிக் கலந்து பேசிய பிறகுதான் எழுதிக் கொடுத்தேன் என்றேன். முதல்வர் உன் பக்கம் திரும்பினார். “இவற்றை நீங்கள் முன்பே பார்த்தீர்களா?” என்று கேட்டார்.

நீ மேஜை மேலிருந்த தண்ணீர் பாட்டிலைக் கொஞ்சம் நகர்த்தி நேராக வைத்தாய்.

“இல்லை. இப்போதுதான் பார்க்கிறேன். என்னிடம் வந்திருந்தால் பொறுமையாக இருக்கச் சொல்லியிருப்பேன்.”

அறிக்கைகள் என் மடியில் இருந்தன. நான் கொடுத்திருந்தது நீ வட்டம் போடுவதற்கு முன்பே எடுத்து வைத்த நகல்கள்தான். நீ வட்டம் போட்ட அசல் என்னிடம் இருந்தது. எடுத்துக் காட்டியிருக்கலாம். பள்ளிக்கூடம் முழுவதிலும் பச்சை மையில் எழுதுவது நீ மட்டும்தான். நான் காட்டவில்லை. பெருந்தன்மை என்று நினைத்துக்கொள்ளாதே. இதோ இப்போது திருத்திச் சொல்லிவிடுவாய், மறந்துவிட்டேன் என்று சொல்லிவிடுவாய் என்று உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். கூட்டம் முடிந்துவிட்டது.

அந்த அறிக்கைக்கு நல்ல மதிப்பெண் போனது. எனக்கு ஒப்பந்தம் நீட்டிக்கப்படாது, ஜூன் வரை வேலை பார்த்துவிட்டுப் போகலாம் என்று கடிதம் வந்தது. மகனுக்கு எழுதிக் கொடுத்த இடமும் அதோடு போயிற்று.

அன்று நான் வீட்டுக்கு வந்தபோது நீ ரசம் வைத்திருந்தாய். “கை கழுவிட்டு வா, சாப்பிடு” என்றாய். நானும் சாப்பிட்டேன். என்னை நினைத்தால் எனக்கே இன்றுவரை விளங்கவில்லை. விசா அவர்கள் கையில், வேறு வீடு பார்க்க வழியில்லை. இரண்டரை மாதம் ஒரே வீட்டில் இருந்தோம். ஒரே காரில் பள்ளிக்குப் போனோம். பால் தீர்ந்துவிட்டது, தண்ணீர் கேன்காரர் வந்தார் என்று பேசிக்கொண்டோம். கிளம்புகிற அன்று என் பெட்டியைத் தூக்கி எடை பார்த்து, “ரெண்டு கிலோ கூட இருக்கு, அந்தத் தடிப் புஸ்தகத்த எடுத்துரு” என்றாய். விமான நிலையத்தில் என்னைக் கட்டிக்கொண்டாய். என் கைகள் தொங்கிக்கொண்டிருந்தன. நீ அதைக் கவனித்தாயா என்று தெரியவில்லை.

ஊரில், அம்மாவுக்கு முடியவில்லை, அதனால் வந்துவிட்டேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். வீட்டுக்காரரிடமும் அதையேதான் சொன்னேன். ஒழுங்காக வேலை பார்த்ததற்காக அனுப்பிவிட்டார்கள் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? மகன் ஷூவைப் பற்றிக் கேட்பதை நிறுத்திக்கொண்டான். துபாய், தோஹா, ஹனோய் என்று மூன்று வருஷம் விண்ணப்பம் போட்டேன். நேர்காணல் எல்லாம் நன்றாகவே போகும். பழைய பள்ளியிலிருந்து நற்சான்று கேட்பார்கள். அதற்குப் பிறகு பதில் வராது. கடைசியில் ராஜபாளையத்தில் நாம் முதலில் வேலை பார்த்த அதே பள்ளிக்கூடம் என்னைச் சேர்த்துக்கொண்டது.

நாலு வருஷம் கழித்து ஒரு ஜூலையில் நீ ஸ்ரீவில்லிபுத்தூருக்கு என் வீட்டுக்கு வந்தாய். துணை முதல்வராகியிருந்தாய். பேரீச்சம்பழமும் அல்வாவும் கொண்டு வந்தாய். என் வீட்டுக்காரர் உனக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டு, “நீங்க இல்லேன்னா இவ வெளிநாட்டையே பாத்திருக்க மாட்டா” என்றார். நீ சிரித்தாய். புதுக் கட்டடத்தைப் பற்றி, மகள் கோயம்புத்தூரில் படிப்பதைப் பற்றிச் சொன்னாய். நான் காபி போட உள்ளே போனேன். நீயும் பின்னாலேயே வந்தாய். மன்னிப்புக் கேட்கத்தான் வருகிறாய் என்று நினைத்தேன். நீ டபராவை எடுத்துக் கொடுத்தாய். பொறுக்க முடியாமல் நானே கேட்டேன்.

“அன்னைக்கு ஏன் அப்படிச் சொன்ன?”

“எதை?” என்றாய்.

அவ்வளவுதான். உன் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. மறந்துவிட்டாய் என்று ஒரு கணம் நானே நம்பிவிட்டேன். பால் பொங்கி வந்தது, அடுப்பை அணைத்தேன். முதல்வர் அறையில் நீ சொன்னதைப் பயத்தில் சொன்னாய் என்று என்னால் எப்படியாவது சமாதானம் செய்துகொள்ள முடியும். என் சமையலறையில் உனக்கு என்ன பயம்? அங்கே நீயும் நானும் மட்டும்தானே இருந்தோம். அந்த ‘எதை’தான் என்னை உட்கார வைத்துவிட்டது. நடந்ததற்குச் சாட்சியாக உலகத்தில் நீ ஒருத்திதான் இருந்தாய். நீயே அதை நடக்காததாக்கிவிட்டாய்.

நீ இறந்த செய்தி வந்ததும் பள்ளிக்கூடத்தில் நினைவுக் கூட்டம் வைத்தார்கள். நெருங்கிய தோழி என்று என்னைப் பேசச் சொன்னார்கள். மறுத்திருந்தால் ஏன் என்று கேட்டிருப்பார்கள். மேடையேறி, நீ எப்படிப் பாடம் நடத்துவாய், வேதிச் சமன்பாட்டைப் பிள்ளைகள் கைதட்டித் தாளம் போட்டுச் சொல்லும்படி எப்படிப் பழக்கினாய் என்றெல்லாம் பேசினேன். எல்லாம் உண்மை. உன்னைப் பற்றிப் பொய் சொல்லாமல் பத்து நிமிஷம் பேச முடிந்தது எனக்கே ஆச்சரியம்.

கூட்டம் கலைந்த பிறகு உன் மகள் வந்தாள். இப்போது அவளும் டீச்சர். கோயம்புத்தூரில் வேலை, அடுத்து வியட்நாமுக்குப் போகப் போகிறாள். லேப் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“ஆன்ட்டி, மேடையில எல்லாம் சொன்னீங்க. அம்மா உங்க பக்கம் நிப்பாங்கன்னு மட்டும் நீங்க சொல்லவே இல்ல.”

என் கையை விடாமலே அவள் தொடர்ந்தாள்.

“எனக்குத் தெரியும் ஆன்ட்டி. நீங்க ரெண்டு பேரும் டைனிங் டேபிள்ல பேசுனப்ப நான் ரூம்ல படிச்சுக்கிட்டு இருந்தேன். ‘நான் இருக்கேன்’னு அம்மா சொன்னது கேட்டுச்சு. உங்கள அனுப்புறாங்கன்னு தெரிஞ்சதும், ஏம்மா நீங்க சொல்லலன்னு கேட்டேன். ‘எல்லாம் ஒனக்காகத்தாண்டி. நான் வேலைய விட்டா நீ எங்க பரீட்சை எழுதுவ?’ன்னு சொன்னாங்க. அதுக்குப் பொறவு நான் அம்மாகிட்ட எதுவுமே கேட்டதில்ல. என்னாலதான ஆன்ட்டி உங்களுக்கு எல்லாம் போச்சு?”

அவளுக்கு அப்போது பதினேழு வயது. அதை அவள் தலையில் வைத்துவிட்டு நீ ரசம் வைக்கப் போயிருக்கிறாய். என்னை விட்டுக்கொடுத்ததை விட அன்று அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சாட்சியே இல்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்த இத்தனை வருஷமும் அந்தப் பிள்ளை ஒரு குற்றவாளியைப் போல அதைச் சுமந்திருக்கிறாள். என் முகத்தைப் பார்க்கத் தைரியம் வர, நீ சாக வேண்டியிருந்திருக்கிறது.

“ஒன்னால இல்ல” என்றேன். “ஒங்க அம்மா பயந்துட்டா. பயம் பெரியவங்களுக்கும் வரும். அதுக்கு நீ எப்படிக் காரணமாவ?”

“நிஜமாவா?”

“நிஜமாத்தான் சொல்லுதேன். நீ நிம்மதியா வியட்நாம் போ. ஒரு சங்கடம்னா எனக்குப் போன் பண்ணு.”

அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். இந்தத் தடவை என் கைகள் தொங்கவில்லை.

உனக்காக அப்படிச் சொன்னேன் என்று நினைக்காதே. உன்னை நான் மன்னிக்கவில்லை. மன்னிப்புக் கேட்காதவளை எப்படி மன்னிப்பது என்று எனக்குத் தெரியவும் இல்லை. அந்தக் கோபம் இன்னும் குறையாமல் என்னிடம்தான் இருக்கிறது. வகுப்பில் நிற்கும்போதும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரும்போதும் கூடவே வருகிறது. அதை உன் மகளிடம் மட்டும் நான் கொடுக்கவில்லை. அவள் பங்கையும் சேர்த்து நானே வைத்துக்கொண்டேன்.