முறுக்குக்கு 560 கலோரி

நாள் 212, காலை 7.10

காற்றழுத்தம் சீர். நீர் மறுசுழற்சி சீர். செவ்வாய் நிலையத்தில் இப்போது இரண்டு உயிர்கள். நான் ஜெபசீலி, தாவரவியலாளர். இன்னொன்று முறுக்கு, வால் சுருண்ட நாட்டு நாய். குழாயில் அம்மோனியா கசிந்தால் மோப்பம் பிடிப்பது அவன் வேலை.

பசுமைக்கூடம் உறைந்து பயிரெல்லாம் போனதும் மற்ற மூவரும் பூமிக்குக் கிளம்பினார்கள். கப்பலில் நாய்க்கு இடமில்லை என்றார்கள். அப்படியானால் எனக்கும் வேண்டாம் என்று தங்கிவிட்டேன். அடுத்த கப்பல் வரும்.

முறுக்குக்குத் தினம் 268 கலோரி. பூமியில் போட்டுக் கொடுத்த கணக்கு. விலா எலும்பு தெரிகிறது.

நாள் 215, மதியம் 1.40

பிடித்துவிட்டேன்! சரக்குத் தராசு அவனுக்கு ஆறு கிலோ காட்டுகிறது. இங்கே ஈர்ப்பு குறைவு. பூமியில் அவன் பதினாறு கிலோ. அந்த மேதாவிகள் இந்தத் தராசு காட்டிய ஆறையே, எடையை வைத்துக் கலோரி சொல்லும் சூத்திரத்தில் போட்டிருக்கிறார்கள்.

பதினாறை மூன்று முறை எழுதிப் பெருக்கினால் 4096. வர்க்கமூலம் 64. அதற்கும் வர்க்கமூலம் 8. எழுபதால் பெருக்கினால் 560. அதுவும் சும்மா படுத்துக் கிடக்க மட்டும். பாதிகூடத் தின்னாமல் இத்தனை நாள் வாலாட்டியிருக்கிறான். பூமிக்கு எழுதிவிட்டேன்.

நாள் 216, காலை 9.05

பூமியின் கட்டுப்பாட்டு அறையிலிருந்து கதிரேசன்: "மேடம், கணக்கு தப்புதான், ஒத்துக்கிறோம். ஆனா 560 குடுத்தா கப்பல் வர்றதுக்குள்ள சாப்பாடு தீந்துரும். சொல்லவே கஷ்டமா இருக்கு, நாய்க்குப் போடுறத நிறுத்திருங்க."

என் பதில்: "முடியாது தம்பி. என் பங்குல குறைச்சுக்கிறேன். வேணும்னா நேர்ல வந்து தட்டைப் பிடுங்குங்க."

நாள் 240, மாலை 4.20

கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. முறுக்கு தேறிவிட்டான்.

இன்று குழாயடியில் நின்று ஓயாமல் குரைத்தான். கருவி கசிவில்லை என்றது. நான் நாயை நம்பினேன். மூட்டு விரிசல் விட்டிருந்தது, அடைத்தேன்.

பூமிக்கு அனுப்பியது: "உங்க சென்சார் தூங்குது. என் 560 கலோரி வேலை பாக்குது."

நாள் 271, நேரம் பார்க்கவில்லை

புழுதிப்புயல். தொடர்பு போய்விட்டது. எழ முடியவில்லை.

தானியங்கித் தட்டில் தினம் 560 வீதம் நிரப்பிவிட்டேன். கப்பல் வரும்வரை அவனுக்குக் காணும். எனக்குக் காணாது. வருத்தமில்லை. நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்தவில்லை.

கதவைத் திறப்பவருக்கு. தராசை நம்பாதீர்கள், அவன் பதினாறு கிலோ. முதலில் குரைப்பான். பயந்து அடித்துவிடாதீர்கள். உங்களைப் பார்த்துக் குரைக்கவில்லை

என்னை எழுப்பப் பார்க்கிறான்