கடைசி மரைவரை திருகிய வளையம்

அண்ணே,

நேற்று மதினி கடைக்கு வந்தார்கள். பழைய கம்பளிச் சட்டையின் கையை வெட்டிச் செய்த உறை ஒன்றை, பிரித்துப் போட்ட போன்களுக்கு நடுவே வைத்தார்கள். "இத வச்சு நாங்க என்ன செய்யப் போறோம் தம்பி, நீங்களே வச்சுக்கிருங்க" என்றார்கள். தேநீர்கூடக் குடிக்காமல் பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள்.

உள்ளே உங்கள் ஸ்கோப், ரைபிள்மேல் மாட்டிக் குறிபார்க்கும் அந்தக் குழல். துணியிலிருந்து துப்பாக்கி எண்ணெயும் பச்சைத் தேயிலைக் கொழுந்தும் கலந்த வாடை வந்தது. நீங்கள் ஓட்டிய தோட்டத்து லொறியில் ஏறினால் முகத்தில் அடிக்குமே, அதே வாடை. எதிர்ச் சாரியில் இருக்கும் பேக்கரியின் பெயர்ப்பலகையைக் குறிவைத்துக் கண்ணில் வைத்தேன். ஒன்றும் தெரியவில்லை, வெறும் வெள்ளைப் புகை. வில்லையில் பூஞ்சணம் பிடித்துவிட்டதோ என்று துடைத்துப் பார்த்தேன். அதே புகைதான். பிறகுதான் கண் வைக்கும் பக்கத்தில் இருக்கும் வளையத்தில் கை போனது. ஒரு பக்கம் அது அசையவே இல்லை. கடைசி மரைவரை திருகியிருந்தீர்கள். மறுபக்கம் திருப்பத் திருப்ப பலகை எழுத்து எழுத்தாக எழும்பி வந்தது. அதன் மேல் குறிபார்க்கும் உங்கள் மெல்லிய கோடு, தலைமுடி மாதிரி. வளையத்தை நீங்கள் விட்ட இடத்துக்கே திருப்பிவைத்தேன்.

அந்தக் கோட்டுக்காக நாம் போட்ட சண்டை உங்களுக்கு நினைவிருக்கும். கொழும்பில், துப்பாக்கிக் கடைக்காரர் இரண்டு ஸ்கோப்பை எடுத்து வைத்தார். ஒன்றில் தடித்த கோடு, மற்றதில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு மெல்லிய கோடு. "நீங்க மலைநாடுதானே? மூட்டத்துல மெல்லிய கோடு, குறித்தாளோட கறுப்பு வட்டத்துக்குள்ள காணாமப் போயிரும். தடிச்சத எடுங்க" என்றார் அந்த மனுஷன், விலை குறைந்ததைத்தான் காட்டினார் பாவம். நானும் அதையே சொன்னேன். நீங்கள் கேட்டீர்களா?

"தடிச்ச கோடு நடுப்புள்ளிய மறைச்சிரும் தம்பி. தாள்ல சுடுறவனுக்கு மெல்லிய கோடுதான் சரி."

"சரிதாண்ணே, வெளிச்சம் இருக்கிற ஊருல. நம்ம ஊருல மத்தியானம் மூணு மணிக்கே ஒண்ணும் தெரியாதே."

"தடிச்ச கோடு கண்ணு தெரியாதவனுக்கு" என்றீர்கள். கடைக்காரர் சிரித்தார், நானும் சிரித்துத் தொலைத்தேன். நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை. ஸ்கோப்பைத் தெருப்பக்கம் நீட்டி, அந்த வளையத்தை வெகுநேரம் திருகிக்கொண்டே நின்றீர்கள். சாமானைச் சோதித்து வாங்கும் ஆள் என்று உங்களை மெச்சினேன். நான் ஒரு மடையன்.

ஞாயிறுதோறும் நமக்குப் போக்கிடம் அந்தத் துப்பாக்கி சுடும் கழகம்தான். மூடிக் கிடந்த பழைய தேயிலை ஸ்டோரின் பின்பக்கம், மண்மேட்டில் தாளைக் குத்தி எயார் ரைபிளால் சுடுவோம். வருகிறவர்கள் பெரும்பாலும் தோட்டங்களை நடத்தும் துரைமாரும் ஓய்வுபெற்ற அதிகாரிகளும். தொழிலாளர் லயத்தில் பிறந்தவர்கள் நாம் இரண்டு பேர். அங்கே ஒரு வழக்கம் உண்டு, சுட்டு முடித்ததும் ஒருவர் ஸ்கோப்பை மற்றவர் வாங்கிப் பார்ப்பது. பெரிய துரையே கேட்டபோதும் நீங்கள் கொடுக்கவில்லை. "என் கண்ணுக்கு வச்சது சேர், திருகிறாதீங்க" என்று ஒரே பேச்சு. லயத்து ஆளுக்கு இவ்வளவு கெத்தா என்று அவர்கள் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. கெத்தாம் கெத்து!

ஒவ்வொரு குண்டுக்கும் "எங்க விழுந்துச்சு, பாத்துச் சொல்லு தம்பி" என்பீர்கள். இவ்வளவு நல்ல ஸ்கோப்பை வைத்துக்கொண்டு என்னிடம் ஏன் கேட்கிறீர்கள் என்று ஒருநாளும் எனக்குத் தோன்றவில்லை. என்மேல் உள்ள பிரியம் என்று நினைத்தேன். வலப்பக்கம் ஒரு விரல், கொஞ்சம் கீழே என்று நான் சொல்லச் சொல்ல நீங்கள் கையைத் திருத்திக்கொண்டு அடுத்ததை நடுவில் போடுவீர்கள். கைதட்டல் உங்களுக்கு. போட்டியன்று பக்கத்தில் ஆள் நிற்கக்கூடாது என்றார்கள், அன்று உங்கள் குண்டு தாளின் நாலு மூலைக்கும் போனது. பஸ் ஸ்டாண்டில் வைத்து உங்களைப் பிடிபிடியென்று பிடித்தேன். இந்த இழவுக் கோட்டை மாற்றித் தொலையுங்கள் என்றேன்.

"கோடு நல்லாத்தான் தெரியுது. பனி வந்துருச்சு, அவ்வளவுதான்" என்றீர்கள். அன்று பனியே இல்லை அண்ணே. வெயில் அடித்தது.

இன்று காலை அந்த ஸ்கோப்பை எடுத்துக்கொண்டு மேல்மாடிக் கண்ணாடிக்கடைக்குப் போனேன். கண் பார்க்கும் பிள்ளை வாங்கிப் பார்த்தது, வளையத்தைத் தடவியது. "அவங்கவங்க பார்வைக்குத் தக்க திருப்புற வளையம் இது. இந்த முனையில வச்சுப் பாத்தவருக்குத் தூரத்துல இருக்கிறது ஒண்ணுமே தெளிவா இருந்திருக்காதுண்ணே. கண்ணுல புரை விழுந்தா இப்பிடி வரும். கிட்டத்துல உள்ளதுமட்டும் நல்லாத் தெரியும்."

"அப்பிடிப்பட்ட ஆளு கண்ணாடி இல்லாமப் பேப்பர் வாசிப்பாராம்மா?"

"நல்லாவே வாசிப்பாரு" என்றது அந்தப் பிள்ளை.

அட, அதைத்தானே பெருமையாகச் சொல்லித் திரிந்தீர்கள்! ஐம்பது தாண்டியும் கண்ணாடி போடாத ஆள் என்று என் கடையில் உட்கார்ந்து பேப்பரைச் சத்தமாக வாசிப்பீர்கள். நானும் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு உங்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன்.

நீங்கள் ஏன் வாய் திறக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிவதனால்தான் இவ்வளவு கோபம். கண் போய்விட்டது என்று தெரிந்தால் லொறிச் சாவியை வாங்கிக்கொண்டு மலை வேலைக்குப் போ என்பார்கள். சாவியோடு டிரைவர் வீடும் போகும். மதினியும் பிள்ளைகளும் மறுபடி அந்த ஒழுகும் லயத்து அறைக்கு. இந்தத் தோட்டங்களில் ஒருவனுடைய கூரை அவன் கண்ணிலும் காலிலும்தான் நிற்கிறது. விளங்குகிறது அண்ணே. ஆனால் என்னிடம் சொல்வதற்கு என்ன? புரையை வெட்டி எடுக்கலாமே, ஆஸ்பத்திரிக்கு நான் கூட்டிப் போயிருப்பேனே. நான் என்ன துரையிடம் போய்க் கோள் சொல்கிற ஆளா? எத்தனை ஞாயிறு என் தோளை உரசிக்கொண்டு படுத்துச் சுட்டீர்கள், ஒரு வார்த்தை வரவில்லையே.

அந்தக் கடைசி நாளைப் பற்றித் தோட்டமே ஒரே கதையைச் சொல்கிறது. மேல் மடுவத்துக் கொட்டகையில் கொழுந்தை எடைபோட்டு, மூட்டையை ஏற்றி, வழக்கம்போல மூட்டைமேல் நாலு பெண்கள் ஏறிக்கொண்டார்கள். பெரிய வளைவுக்கு முன்னால் நீங்கள் லொறியை நிறுத்தினீர்கள். "பனி கூடுதலா இருக்கு, எறங்கி நடந்து வாங்க" என்றீர்கள். அவர்கள் முணுமுணுத்துக்கொண்டு இறங்கினார்கள். அவர்கள் கண்ணெதிரே லொறி வளைவில் திரும்பாமல் நேராகப் போய்ப் பள்ளத்தில் விழுந்தது. எட்டாம் நாள் துக்கத்தில் அந்த நாலு பேரும் உங்கள் படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டார்கள். "நம்ம உசுரக் காப்பாத்துன சாமி" என்று அழுதார்கள். நானும் அழுதேன். நேற்றுவரை எனக்கும் நீங்கள் சாமிதான்.

விசாரணையில் பனிமூட்டம் என்று முடித்துவிட்டார்கள். வேலை நேரத்தில் போன உயிர் என்பதால் வீட்டை மதினிக்கே விட்டிருக்கிறார்கள், மூத்தவனுக்குத் தேயிலை அரைக்கும் புது ஸ்டோரில் வேலையும் கொடுத்திருக்கிறார்கள். டிரைவருக்குக் கண் தெரியாது என்று ஒரு வாய் பேசினால் அத்தனையும் போகும். அதனால் கண்ணாடிக்கடைப் பிள்ளை "யாருடையதுண்ணே இது?" என்று கேட்டபோது, கொழும்பில் பழசாக வாங்கினேன் என்று சொல்லிவிட்டேன். இனி யார் கேட்டாலும் பனிதான். மதினி கேட்டாலும் பனிதான். உங்கள் பொய்யை என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டீர்கள், நானும் அதைச் சுமந்துதான் தீரவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை கழகத்துக்கு இதைக் கொண்டுபோவேன். பெரிய துரை கட்டாயம் கேட்பார், இப்போதாவது பார்க்கலாமா என்று. என் கண்ணுக்கு வைத்தது சேர், திருகாதீர்கள் என்று சொல்வேன். அதைக் கண்ணில் வைத்து, ஒன்றும் தெரியாத அந்தப் புகைக்குள் நானும் கொஞ்ச நேரம் படுத்திருப்பேன்.

ஒன்றுமட்டும் கேட்கிறேன். அந்த நாலு பேரையும் இறக்கிவிட்டீர்களே அண்ணே, அப்போதே நீங்களும் இறங்கியிருக்கலாமே.