செல்வியின் இடது மணிக்கட்டு

திங்கள். புரட்டாசியில் சித்திரை வெயில்.

இல்லை, பறக்கக் கற்றுக்கொடுப்பதில்லை. பறக்கிற பிள்ளைகளைச் சின்ன வகுப்பிலேயே வடக்கே கொண்டுபோய்விடுவார்கள். கங்கைகொண்டான் சாலையில் இருக்கும் எங்கள் தேசிய ஆற்றல் பள்ளிக்கு வருவது மிச்சம். கையால் தண்ணீரைக் கொதிக்கவைப்பவன். சுவருக்கு அப்பால் பேசுவதைக் கேட்பவள் (ஆசிரியர் அறைக்கு அடுத்த வகுப்பு அவளுடையது, நாங்கள் எல்லோரும் கிசுகிசுக்கிறோம்). ஆற்றலை எப்போது பயன்படுத்தக் கூடாது என்று பாடம் எடுப்பது என் வேலை. பெண்கள் விடுதியும் என் பொறுப்பு. எனக்கு ஆற்றல் எதுவும் இல்லை. எம்.ஏ. தத்துவம்.

செய்ய வேண்டியவை: கொசுவத்தி. ஒழுகும் குழாய். வியாழன் ஆய்வு, செல்வி.

செல்வி பத்தாம் வகுப்பு, ஏரல் பக்கம். இடது கையை வைத்தால் எந்தப் பொருளின் கனமும் போய்விடும். வலது கைக்கு ஒன்றும் வராது. வியாழன் ஆய்வில் ஜீப்பைத் தூக்கித் தேறினால் வடக்கே மலை வளாகம், படிப்பு, வேலை. தேறாவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீடு. அடுத்த வருடம் வயது தாண்டிவிடும்.

செவ்வாய். மேகம் வந்தது, போய்விட்டது.

செல்வி ஊரிலிருந்து திரும்பினாள். இடது மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. குலசை அம்மன் கோயில் தசராவுக்குக் கட்டிய காப்பு. அப்பா லாரியிலிருந்து விழுந்து படுக்கையில் கிடந்தபோது அம்மா நேர்ந்தது: எழுந்து நடந்தால் மகள் வேஷம் கட்டுவாள். நடந்துவிட்டார்.

"என்ன வேஷம்?"

"குரங்கு, டீச்சர். வீடு வீடாப் போயி காணிக்கை வாங்கணும். சூரசம்ஹாரம் முடிஞ்சாத்தான் கயித்த அவுக்கலாம்."

"ஜீப்பத் தூக்குதவளுக்குக் குரங்கு வேஷமா?" பக்கத்துக் கட்டில்காரி. "வரும்போது ஒரு மரத்தையும் பிடுங்கிட்டு வா, ஏட்டி."

"சாமி காரியத்துல கேலி பேசாதளா," என்றாள் செல்வி.

எனக்கு நம்பிக்கை இல்லை. நம்புகிறவர்கள் நடுவில் இருக்கும்போது, கோயிலுக்குள் செருப்போடு நிற்கிற கூச்சம் மட்டும் உண்டு.

புதன். புழுக்கம். தலைவலி.

நாளைக்காகச் சுண்ணாம்பு அடிக்கிறார்கள். த.ஆ. (தலைமையாசிரியர்) தோரணம் போதாது என்று கத்தினார். சுவருக்கு அப்பால் கேட்பவள் வந்து நின்றாள்: "டீச்சர், நீங்க வேற வேலைக்கு எழுதிப் போட்ருக்கீங்களாமே?" போய்ப் படி என்றேன். எழுதிப் போட்டிருக்கிறேன். குழாய் இன்னும் ஒழுகுகிறது.

வியாழன். அனல்.

ஆய்வாளர் சென்னையிலிருந்து. மைதானத்தில் பழைய ஜீப். செல்வி இடது கையை வைத்தாள். தூக்கினாள், காலி வாளியைப் போல. பிள்ளைகள் கத்தினார்கள். ஆய்வாளர் நிமிர்ந்து பார்த்தார், அவ்வளவுதான். ஆற்றலை அளக்கும் பட்டை போடாமல் தூக்கினால் பதிவாகாது. பட்டை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெறும் தோலில் ஒட்ட வேண்டும். நடுவே கயிறு, நகர்த்த முடியாத இறுக்கம். போன வாரம்வரை ஒத்திகை பார்த்தோம், கயிறு இல்லாத கையில். எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"கட் பண்ணிடுங்க. எனக்கு ட்ரெயின் இருக்கு."

கத்தரிக்கோல் வந்தது. முதலில் த.ஆ. கையில். "மக பேறுகாலத்துக்கு வந்திருக்கா சார், நான் தொட மாட்டேன்." அடுத்து விளையாட்டு ஆசிரியர். அவர் கையிலும் காப்பு. சட்டைக் கையைப் பைய இறக்கிவிட்டுக்கொண்டார். காவலர் சுடலை அண்ணாச்சி: "வேலைய விட்டு அனுப்பினாலும் சரி, நான் வெட்ட மாட்டேன்." ஆய்வாளர் தானே வாங்கினார். சுற்றி நின்ற முகங்களைப் பார்த்தார். "நான் கேண்டிடேட்டைத் தொடக் கூடாது. ரூல்."

பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"டீச்சருக்குத்தான் சாமி கும்பிடுத பழக்கமே கிடையாதே!" வழி கண்டுபிடித்துவிட்ட மகிழ்ச்சி த.ஆ.வுக்கு. "நீங்க வெட்டுங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆகாது."

கத்தரி சுட்டது. வெயிலில் கிடந்திருக்கிறது. செல்வியிடம் கேட்டேன், "வெட்டவா?" தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையை மட்டும் நீட்டியபடி.

மறுபடி கேட்டேன். பதில் இல்லை.

வெட்டவில்லை. அவள் சரி என்று சொல்லாமல் அவள் உடம்பில் இருப்பதை வெட்ட எனக்கு உரிமை இல்லை. வகுப்பில் சொல்வதும் இதைத்தான்.

ஆய்வாளர் எழுதினார்: பங்கேற்கவில்லை.

"ஜீப்பத் தூக்கினாளே சார், கண்ணு முன்னால!" சுடலை அண்ணாச்சி.

"நானும்தான் பார்த்தேன். பட்டை பார்க்கலையே."

மாலை. உடம்பெல்லாம் அசதி. ஆனாலும் என்மேல் எனக்கே ஒரு சின்ன மரியாதை. எழுதக் கூச்சமாக இருக்கிறது.

வெள்ளி. காலையில் தூறல், மண் நனையவில்லை.

செல்வியை அழைத்துப்போக அம்மா வந்தார். விடுதி வாசலில் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "எல்லாரும் வெட்டச் சொன்னப்ப நீங்க ஒரு ஆளுதான் மாட்டேன்னு நின்னீங்களாம். நீங்க நல்லா இருக்கணும் தாயி." ஆட்டோ பிடிக்க ரோட்டுக்குப் போனார்.

செல்வி பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள்.

"உங்களுக்குச் சாமி கிடையாதுதான டீச்சர்?"

"கிடையாது."

"பெறகு ஏன் வெட்டல?"

"நீ சரின்னு சொல்லலையேம்மா."

"நான் எப்படி டீச்சர் சொல்லுவேன்? எங்கப்பாவுக்காக நேந்த கயிறு. வெட்டுங்கன்னு என் வாயால சொல்லுததா?" குரல் ஏறவில்லை. "கைய நீட்டிட்டுத்தான நின்னேன். எம்புட்டு நேரம் நின்னேன்."

ஆட்டோ வந்துவிட்டது. பெட்டியைத் தூக்க அம்மா குனிந்தார். செல்வி தடுத்துவிட்டு, வலது கையால் தூக்கினாள். ஒரு பக்கமாகச் சாய்ந்து, இடையில் ஒருதரம் இறக்கிவைத்து, வாசல்வரை கொண்டுபோனாள்.

வகுப்பு எடுக்கவில்லை. செல்விக்கு மறு ஆய்வு கேட்கப் பாளையங்கோட்டை கல்வி அலுவலகத்துக்குப் போனேன். அப்படி ஒன்று விதியில் இருக்கிறதா, தெரியாது. அதிகாரி சாப்பிடப் போயிருந்தார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன்.