இரண்டு பேருக்கு நேர்ந்த கோழி

1929 ஜூலை 14, ஞாயிறு

எல்லாரும் தூங்கிவிட்டார்கள். விளக்கைத் துணியால் மறைத்துக்கொண்டு எழுதுகிறேன். அம்மா பார்த்தால் எண்ணெய்க்கு ஒரு அடி, எழுத்துக்கு ஒரு அடி.

நாளை வகுப்பில் இயற்கையிலிருந்து ஒரு ஞானப் பாடம் சொல்ல வேண்டும். கன்னியாஸ்திரியம்மாவின் கட்டளை. நான் எங்கள் செவலைக் கோழியைப் பிடித்துக்கொண்டேன். மலைக் கணவாய்க் காற்று அடித்ததும் அது குஞ்சுகளைச் சிறகுக்குள் சேர்த்துக்கொள்கிறது, கடவுளும் அப்படியே. சாயங்காலம் இதை எழுதி முடித்தபோது எனக்கே கண் கலங்கியது. அதே நேரம் செவலை, பக்கத்து வீட்டுக் கமலாத்தாள் அக்காவின் குஞ்சு ஒன்றைக் கொத்தித் துரத்தியது. அந்த இடத்தை மட்டும் பாடத்தில் சேர்க்கவில்லை.

ஜூலை 16

தம்பி சவுரிக்குக் காய்ச்சல்.

ஜூலை 19

இறங்கவில்லை. இன்று என்னையே யாரோ மாதிரி பார்த்தான். மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் போய் முழங்காலில் நின்றேன். அந்தோனியாரே, இவன் பிழைத்தால் செவலையை உமக்குத் தருகிறேன் — சொல்லிவிட்டேன். அது என் கோழியா? அம்மாவுடையது. அடுத்தவர் பொருளை வாரி வழங்க என்னைப் போல் ஆள் கிடையாது.

ஜூலை 22

காய்ச்சல் விட்டது. ஆனால் சவுரியால் தலையைத் தூக்க முடியவில்லை. கோழிச்சாறு கொடுக்கச் சொல்லிவிட்டுப் போனார் முதலமடை வைத்தியர். வீட்டில் இருப்பது ஒரே கோழி. நாளைக் காலையில் அறுக்கப் போகிறாராம் அப்பா.

நேர்ந்துவிட்டதைத் தின்றால் புனிதர் சும்மா இருப்பாரா? சொன்னால் தம்பிக்குச் சாறு இல்லை. சொல்லாவிட்டால் — காய்ச்சல் திரும்பி வந்தால்? ஒரு பூசணிக்காயை நேர்ந்திருக்கக் கூடாதா, கத்தரீனாளே? கழுதை நான்.

ஜூலை 23

அப்பா செவலையின் காலைக் கட்டினார். குஞ்சுகள் கத்திக்கொண்டே அவரைச் சுற்றின. நான் ஓடிப்போய் அவர் முன்னால் நின்றேன்.

"அப்பா, அதைய நான் அந்தோனியாருக்கு நேந்துட்டனுங்க."

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல்தான் கேட்டது.

"நானும் அதையத்தானுங்க மாதாவுக்கு நேந்தேன்."

பக்கத்தில்தான் படுத்திருந்தாள். அவளும் ராத்திரியெல்லாம் என்னைப் போலவே பயந்து கிடந்திருக்கிறாள். எனக்குத் தெரியவே இல்லை.

அப்பா கத்தியைக் கீழே வைத்தார். "நல்லவேளை, நான் ஆருக்கும் நேந்துக்குல."

கோழி அந்தோனியாருக்கு, குஞ்சுகள் மாதாவுக்கு என்று அவரே தீர்த்து வைத்தார். சாற்றுக்கு மட்டும் வழி சொல்லவில்லை. மூவரும் சவுரியைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

கமலாத்தாள் அக்கா வேலிக்கு அந்தப்புறம் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். கக்கத்தில் ஒரு கோழியோடு வந்தாள்.

"இந்தா, இருதயம்மா. இதைய எந்தச் சாமிக்கும் நேந்து உடல. பயப்படாம அறு."

அம்மா சிரித்தாள், பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அக்கா மாரியம்மனைக் கும்பிடுகிறவள். அவளுடைய குஞ்சைத்தான் நான் பாடத்திலிருந்து தள்ளியிருந்தேன். பெரிய ஞானி நான்.

ஜூலை 28, ஞாயிறு

செவலை இன்னும் முற்றத்தில்தான். குஞ்சுகள் தாயைப் பிரியும்வரை அந்தோனியார் பொறுத்துக்கொள்வார் என்று பங்குச் சாமியார் சொல்லிவிட்டார். சொல்லும்போது சிரிப்பை அடக்கினார்.

நாளைக்கு மறுபடியும் ஞானப் பாடம். ஒன்றும் யோசிக்கவில்லை. சாயங்காலம் சவுரி என் வெல்லத்தைப் பிடுங்க வந்தான். நான் கொடுக்கவில்லை. கையைக் கடித்துவிட்டான். இதை எழுதும்போதும் வலிக்கிறது. நல்ல பலமான கடி.

சேசுவே, உமக்குத் தோத்திரம்.