வாசற்படி தாண்டாத அம்மா

மகாராணிக்கு,

நேற்றுச் சண்டை முடிந்த கையோடு உன் அறைக் கதவில் நீ ஒட்டிய அறிவிப்பைப் படித்தேன்: "தட்டாம அம்மா உள்ள வரக் கூடாது." பஸ்ஸில் நாள் முழுக்க "உள்ள போங்க, உள்ள போங்க" என்று ஊரையே தள்ளுகிற கண்டக்டருக்கு, சொந்த வீட்டில் உள்ளே போக வழியில்லை. இருக்கட்டும்.

காலையில் கிளம்பும்போது தட்டினேன். பதிலுக்கு நீ குறட்டை விட்டாய். அதனால் வாசற்படியில் நின்றபடியே ஒட்டடைக்கம்பை நீட்டி, ஈரத் துண்டையும் காய்ந்துபோன சாப்பாட்டுத் தட்டையும் வெளியே இழுத்தேன். கூடவே, நான் வீடெல்லாம் தேடிய என் விசிலும் வந்தது. அதைப் பற்றிச் சாயங்காலம் பேசுவோம்.

சாப்பாடு அடுப்பின் மேல் மூடியிருக்கிறது. சுட வைத்துச் சாப்பிடு. கேஸை மறக்காமல் மூடு. வெளியே போனால் பூட்டிவிட்டு, சாவியை என் பழைய ஷூவுக்குள் போடு.

"நான் என்ன சின்னக் குழந்தையா?" என்று கத்தினாயே, இல்லைதான். ஒப்புக்கொள்கிறேன்.

அம்மா

ஓரத்தில் கொஞ்சம் இடம் இருக்கிறது: தரையில் கிடந்த போர்வை உன் கழுத்துவரை எப்படி ஏறியது என்று மட்டும் கேட்காதே. ஒட்டடைக்கம்புக்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது.