ஓய்வு கொடுத்த ரூட்டர்

ஆயுத பூஜை, 08:10

இரண்டாவது ரூட்டரை அணைத்து, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்துவிட்டேன். வருஷத்தில் ஒரு நாளாவது கருவிக்கு ஓய்வு வேண்டும். முதல் ரூட்டரை நிறுத்த முடியாது. இந்தக் குறுங்கோளில் நான் பனிக்கட்டி எடுத்து விற்கும் கிணற்றுக்கும் வெளிக்கும் அதுதான் வாசல்; ராடார் கணக்கும் குரலும் அது வழியாகத்தான் ஆன்டெனாவுக்குப் போகும். அது விழுந்தால் தானாகப் பொறுப்பேற்கத்தான் இரண்டாவது. வாங்கிய நாளிலிருந்து அதற்கு வேலையே வரவில்லை. ஒரு நாள் சும்மா இருந்தால் என்ன?

என் மனைவி செல்லக்கனி சரக்குக் கப்பலில் தனியாக வருகிறாள். கப்பலின் ராடார் வழியிலேயே பழுது. இங்கிருந்து என் ராடார் தூரத்தை அளந்து அனுப்ப, அதைப் பார்த்து அவள் பிரேக் பிடிப்பாள். காலையில் வந்த குரல்: "பொங்கல் வைக்கேன்னு அடிப்பிடிக்க விட்டுராதீக. சுண்டல் போதும்."

11:40

மின்சாரம் ஒரு தடவை எகிறியது. முதல் ரூட்டர் கருகிவிட்டது. இரண்டாவதைப் போட்டேன். பச்சை விளக்கு வந்தது, ஆன்டெனாவோடு இணைப்பு வரவில்லை. ஒளியிழை சொருகும் துளைக்குள் சந்தனம். காய்ந்து கல்லாகிவிட்டது. அழகாக இருக்கட்டும் என்று நான் வைத்த பொட்டு.

12:25

ஊசியால் சுரண்டினேன். உள்ளே கண்ணாடியில் கீறல் விழுந்துவிட்டது. ஒளியிழைக்கு அந்த ஒரே துளைதான். முதல் ரூட்டரின் துளையைக் கழற்றி மாட்டிப் பார்த்தேன், அதுவும் வெந்திருக்கிறது. மாற்றுச் சாமான் அவள் கப்பலில் வருகிறது.

மூன்று மணிக்குள் பிரேக் பிடிக்கவில்லையென்றால் கப்பல் எங்களைத் தாண்டிப் போய்விடும். திரும்பி வர எரிபொருள் கிடையாது. கை ரேடியோ பக்கத்து மேட்டுக்கு அந்தப் பக்கம் வரைதான் எட்டும்.

13:30

மேட்டுக்கு அந்தப் பக்கம் லிங்கத்துரை. அவரும் பனி வியாபாரி. விலையைக் குறைத்து அவர் வாடிக்கையை நான் இழுத்ததிலிருந்து பேச்சு இல்லை. கை ரேடியோவில் கூப்பிட்டேன்.

"அண்ணாச்சி, ஒரு உதவி."

"தங்கப்பழமா? என்னவே, வழி தவறி வந்துட்டீரா?"

"செல்லக்கனி வாரா. எங்க ரூட்டர் ரெண்டும் போச்சு. ஒங்க ராடார்ல பாத்து தூரத்த அவளுக்குச் சொல்லிருங்க."

"ரெண்டுமா? ஒண்ணு படுத்தா ஒண்ணு எந்திரிக்கும்னு பெரும பீத்துனீரே!"

"சந்தனம் அடைச்சிட்டு."

சிரித்தார். சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தேன். உதவி கேட்கிறவன் நான்தானே.

"கெணத்தத் தாரும். ராடாரத் திருப்புதேன்."

14:10

பாதி என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. முழுக் கிணறும், ஆனால் அவள் உயிரோடு வந்து இறங்கினால் மட்டும் என்றேன்.

"வராட்டி? என் கரண்டு வீணாப் போகணுமா? அப்பவும் பாதி எனக்கு."

பேரம் பேசியே மேலே வந்தவன் நான். கால்வாசிக்கு இறக்கிவிடலாம் என்று தெரியும். வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் சொன்னார்:

"எனக்குக் கேக்குது வே. 'இருக்கீகளா, இருக்கீகளா'ன்னு கூப்பிட்டுட்டே இருக்கா."

14:20

அவர் கேட்டதற்கே சரி என்றுவிட்டேன். ராடார் திரும்பிவிட்டது என்று சொல்லி ரேடியோவை வைத்துவிட்டார். இங்கிருந்து எனக்கு ஒன்றும் கேட்காது. எழுத்து கோணுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதைக் கண்டெடுப்பவருக்கு, முடிந்த பேச்சு இது. செல்லக்கனி உயிரோடு இறங்கினால் கிணறு முழுதும் லிங்கத்துரைக்கு. இறங்காவிட்டால் அவருக்குப் பாதி. மீதிப் பாதியை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். அவள் இல்லாமல் எனக்கு அது வேண்டாம்.