அண்டாவில் அவிந்த விதை

மைனி,

இன்று காலை நெல் அவித்தேன். அண்டாவின் மூடியைத் திறந்ததும் ஆவியோடு அந்த வாசனை முகத்தில் அடித்தது. முதலில் அம்மாவை நினைத்து, அப்புறம் உங்களை நினைத்து, தனியாக நின்று சிரித்தேன்.

சுதந்திரம் வந்த மறுவருஷம் அது. அரிசி கிடைக்காமல், நெய்யாற்றின்கரைக்குத் தெற்கே நம் ஊரே மரச்சீனிக் கிழங்கைத் தின்று காலம் தள்ளியது. என் இரண்டாவது பேறுகாலத்துக்கு பட்டணத்து வலியசாலையிலிருந்து அம்மா வந்திருந்தாள். நாஞ்சில் நாட்டிலிருந்து குத்தகைக்கான பாட்டநெல் வண்டியில் வந்து இறங்க, ஊறவைத்து அவித்துக் குத்தியே பழகியவள், விதைத்துப் பார்த்ததில்லை. முளைகட்டுவதற்காக நாங்கள் ஊறப்போட்டிருந்த விதைநெல்லைக் கண்டதும், மகளுக்கு ஒரு வேலை குறையட்டும் என்று அடுப்பில் ஏற்றிவிட்டாள்.

வாசனை பிடித்து நான் எழுந்து வருவதற்குள் எல்லாம் அவிந்துவிட்டது. வேறு விதை வீட்டில் இல்லை, ஊரிலும் மிச்சம் வைத்தவர்கள் இல்லை. அந்த வருஷம் வயல் தரிசுதான் என்று நினைத்தோம். இவர் வரப்பில் போய் உட்கார்ந்துகொண்டார். அடுத்த பஸ்ஸில் போய்விடுகிறேன் என்று அம்மா முற்றத்தில் நின்று அழுதாள்.

பக்கத்து வீட்டிலிருந்து நீங்கள் வந்து அண்டாவை எட்டிப் பார்த்தீர்கள்.

"அத்தே, நல்ல பதமாட்டு அவிச்சிருக்கிய. காயப்போட்டுக் குத்துங்க. சோறாக்குத அன்னைக்கு நானும் உண்ண வாறேன்."

பிறகு என்னிடம், "எங்க நாத்து நிக்குல்லா பிள்ளே. நான் அகல நட்டுக்கிடுதேன். மிச்சம் உனக்கு."

சொன்னபடி வந்தீர்கள். அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, மறுசோறு கேட்டு வாங்கி உண்டீர்கள். அதுவரை சரியாகச் சாப்பிடாமல் இருந்த அம்மா அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டாள்.

நெருக்கி நடுவதில் பிடிவாதக்காரியான நீங்கள் அந்த முறை இடம் விட்டு இடம் விட்டு நட்டீர்கள். அறுப்பில் உங்களுக்குக் குறைந்தது என்று எனக்குத் தெரியும். கேட்டதற்கு எலி தின்றது என்றீர்கள். நன்றி சொல்ல வாயெடுத்தபோதெல்லாம் அம்மாவைக் கிண்டல் செய்து பேச்சை மாற்றினீர்கள். மாற்ற நீங்கள் உயிரோடு இல்லாததால் இப்போது சொல்கிறேன். அந்த வருஷம் என் பிள்ளைகள் சோறு உண்டது உங்களால்தான், மைனி.

அன்றிலிருந்து நாற்றங்காலில் எங்கள் தேவைக்கு மேல் கொஞ்சம் விதைக்கிறேன். யாருக்கு இதெல்லாம் என்று இவர் கேட்பார்.

போன வாரத்து மழை உங்கள் நாற்றங்காலை அடித்துக்கொண்டு போயிற்று. இன்று அவித்த நெல்லை நான் பாயில் பரப்பும்போது உங்கள் மருமகள் வேலியோரம் வந்து நின்றாள். வந்த காரியத்தைச் சொல்ல முடியாமல், வெயில் போதுமா, நெல் காயுமா என்று ஏதேதோ கேட்டாள். உள்ளே கூட்டிப்போய் இலை போட்டேன். நாற்றைப் பற்றி, அவள் மறுசோறு வாங்கிய பிறகுதான் பேசினோம்.